தொடாத கை

மார்சலி முப்பது வருஷமாக அந்தத் தீவில் பிணம் குளிப்பாட்டி வந்தாள். "உயிரோட இருக்கிறவங்களுக்கு இவங்க தேவலாம். தண்ணி சுடுதுன்னு கத்த மாட்டாங்க," என்பாள். குளிப்பாட்டி, நெஞ்சின் மேல் ஒரு தட்டு உப்பை வைத்துவிட்டு, துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் பிணத்தின் நெற்றியைத் தொடுகிறார்களா என்று பார்ப்பதும் அவள் வேலைதான். தொடாதவன் கனவில் செத்தவர் வருவார். கொன்றவன் கை பட்டால் பிணம் ரத்தம் கசியும். தீவில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

மூன்று வருஷத்துக்கு முன் ராஜா டோமல் படகு கவிழ்ந்து செத்தார் என்று தூக்கி வந்தார்கள். கழுத்தைச் சுற்றிக் கயிற்றுத் தடம் இருந்தது. மார்சலி துணியை மோவாய்வரை இழுத்து மூடினாள். தன் வாயையும் மூடிக்கொண்டாள். தம்பி ருவாரி, கையில் காயம் என்று சாக்குச் சொல்லி, தொடாமலே போய் முடி சூடிக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை என்று அரண்மனையில் பேச்சு.

இப்போது அவர்களைப் பெற்றவள் செத்துக் கிடந்தாள். ருவாரி எல்லாரையும் கூடத்துக்கு வெளியே அனுப்பினார். மார்சலியை மட்டும் நிற்கச் சொன்னார்.

"தொட்டே ஆகணுமா?"

நூறு வாளுக்கு முன்னால் அசராத மனிதர். ஒரு கிழவியின் சின்ன நெற்றிக்கு முன்னால் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அதை மார்சலி பார்த்தாள். இரக்கத்தில் நாக்கு நழுவிவிட்டது.

"பயப்படாம தொடுங்க ராஜா. இவங்கள நீங்க ஒண்ணும் பண்ணலையே."

'இவங்கள.' சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. தன் கதை முடிந்தது என்று நினைத்தாள்.

ருவாரியின் கை வாளுக்குப் போகவில்லை.

"அம்மா எதனால செத்தா?"

"பெரிய ராஜா போன ஏக்கத்துல."

"அப்ப நான்தானே கொன்னேன்?" அம்மாவின் பக்கம் திரும்பினார். "சின்ன வயசுலேர்ந்து முதல் துண்டு கறி அவனுக்குத்தான். கிரீடம் என் தலைல இருந்தா என்னையும் ஒரு தடவ நிமிர்ந்து பார்ப்பாளேன்னு நினைச்சேன். பார்க்கவே இல்ல."

கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தார். மார்சலி குனிந்து நெற்றியைப் பார்த்தாள்.

"ரத்தம்?"

"ஒரு சொட்டு இல்ல ராஜா."

பெற்றவள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்படியும் ஒரு மனசா என்று மார்சலி அந்தக் கிழவியின் காலடியில் மண்டியிட்டாள்.

கதவருகே ருவாரி திரும்பினார். "நான் செத்தா நீதான் குளிப்பாட்டணும். அதுவரைக்கும் உயிரோட இரு. அன்னிக்கு என்னைத் தொட யாரும் வர மாட்டாங்க. நீயாவது தொடு."

பதினொரு வருஷம் கழித்து, ஆளில்லாத அதே கூடத்தில், அவள் தொட்டாள்.