மகேந்திரராஜா எழுதிய வாக்குமூலம்

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து ஓடிப்போன மகேந்திரராஜா, கோடம்பாக்கத்தில் பதினோரு வருடம் படங்களுக்கு வசனம் எழுதினார். ஒன்றிலும் அவர் பெயர் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு மதுரைப் பேச்சு கைவந்ததே பெரிய காரியம். அழுகிற சீன் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். படம் ஓடினால் மாலை வேறு கழுத்துக்குப் போகும். இதைப் பற்றி அவர் புலம்பியதில்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய். இப்போது அவர் இருக்கிற சிட்னி டூங்கபியில் அந்தப் புலம்பலைக் கேட்காத காது கிடையாது.

தங்கை ஸ்பொன்சர் செய்து சிட்னிக்கு வந்தவர், இருபது வருடம் ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் நின்று ஓய்வு பெற்றார். எழுபத்தைந்து வயதில், எழுதித் தரச் சொல்லி இளங்கீரன் வந்து நின்றான்.

இளங்கீரன் படகில் வந்தவன். பன்னிரண்டு வருடமாக அவனுடைய அகதி விசா இழுபடுகிறது. மறுவிசாரணைக்கு ஒரு வாக்குமூலம் வேண்டும். ஊரில் அவன் தம்பியை வீட்டில் வைத்து ஆமி பிடித்துக்கொண்டு போனது. பிறகு தம்பி திரும்பவில்லை. அன்றைக்கு இளங்கீரன் டவுனில் ஒரு கடையில் வேலையில் இருந்தான். அம்மா போன் செய்துதான் அவனுக்கே தெரியும்.

மகேந்திரராஜாவுக்கு அது பிடிக்கவில்லை. முக்கியமான சீனில் ஆளே இல்லை என்றால் எப்படி? தாளில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினிக்குள் அடுப்போரம் ஒளித்துவைத்தார். கதவு இடுக்கால் பார்க்கவைத்தார். அண்ணன் ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்காமல் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று எழுதினார். எழுதும்போது அவருக்கே கண் கலங்கியது.

“அங்கிள், நான் அண்டைக்குக் கடையிலெல்லோ நிண்டனான்.”

“அது எனக்குத் தெரியும். கேக்கிறவனுக்கு உறைக்க வேண்டாமோ? தம்பியைக் கொண்டுபோனது உண்மைதானே. பேசாமல் கையெழுத்தை வை.”

வைத்தான்.

விசாரணை அதிகாரி பழைய தாளை எடுத்தார். வந்திறங்கிய வாரமே, தான் கடையில் நின்றதாக இளங்கீரன் சொன்னது அதில் பதிவாகியிருந்தது. எது உண்மை என்று கேட்டார். எழுதினவர் பெயரை அவன் சொல்லியிருக்கலாம். கையெழுத்து என்னுடையதுதான் என்று மட்டும் சொன்னான். மனு தள்ளுபடியானது. அவன் சொன்ன எதையும் நம்புவதற்கில்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள்.

கிழவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. பொய் என்னுடையது, அவன் அப்பாவி என்று நாலு பக்கம் எழுதி வக்கீல் பார்கவியிடம் கொண்டுபோனார். சென்னைப் பெண். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க அங்கிள். அதான் பயமா இருக்கு. ரிஜெக்ட் ஆனப்புறம் வர்ற லெட்டர், இதையும் கதைன்னுதான் சொல்லுவாங்க. கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா அங்க புதுசா எதையும் சொல்ல முடியாது.”

வெளியே படியில் இளங்கீரன் காத்திருந்தான். மகேந்திரராஜா அவள் சொன்னதைச் சொல்லி, என்னை மன்னிச்சுக்கொள் என்றார். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“அப்ப, தம்பியைக் கொண்டுபோனதும் பொய் எண்டுதான் அங்க எழுதிக் கிடக்கு, என்ன அங்கிள்?” என்றான். “அம்மா இன்னும் அவனைத் தேடிக்கொண்டு திரியிறா. அவவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”