பலாப்பிஞ்சு பிரியாணியும் ஒரு ஷிப்ட் பார்சலும்

நெய்வேலி டவுன்ஷிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பாதிப் பேர் சாப்பிடத்தான் போகிறார்கள். நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. ஆனால் இந்த மாசியில் நான் கிளம்பியது என் அண்ணன் வயிற்றுக்காக.

அண்ணன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருக்கிறார். அண்ணி நர்ஸ், டவுன்ஷிப் முழுவதற்கும் 'சிஸ்டர்'. கார்த்திகையில் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. தை கடைசியில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. "சாப்புடறியாண்ணா?" என்றால், "தெனம் சமைக்கிறேனே" என்றார். நான் கேட்டது அதை இல்லை.

விழுப்புரத்தில் காலை ஒன்பதரைக்குப் பஸ் ஏறினேன். பண்ருட்டி வழியாக ஐம்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். பண்ருட்டியில் பத்து நிமிஷம் நிற்கும். ஜன்னலோரம் வரும் முந்திரியை அவசரப்பட்டு வாங்காதீர்கள், கண்காட்சியிலேயே வறுத்தது சூடாகக் கிடைக்கும். ஆர்ச் கேட்டில் இறங்கினால் ஆட்டோ. எண்பது ரூபாய்க்குப் பேசினேன்.

"ஷோவுக்குங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மொதல்ல குவார்ட்டர்ஸுக்கு. சாயந்தரம் ஷோ."

"அஞ்சு மணிக்கே பூந்துடுங்க. ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆளுங்க தூங்கி எழுந்து ஆறு மணிக்குப் புள்ளைங்கள இட்டுகினு வந்துடுவாங்க. அப்புறம் நிக்க எடம் இருக்காது." நல்ல யோசனை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அண்ணன் அன்று ஆஃப். சாதமும் முருங்கைக்காய்ச் சாம்பாரும் வைத்திருந்தார். எனக்குப் பரிமாறிவிட்டுத் தனக்குப் போட்டுக்கொள்ளும் முன், ஒரு கிண்ணத்தில் சாதம் எடுத்து, சாம்பார் ஊற்றி, தட்டால் மூடி அடுப்பு மேடை ஓரம் வைத்தார். பிறகு மிச்சம் மீதியோடு வந்து உட்கார்ந்தார்.

"அது யாருக்குண்ணா?"

அவர் திரும்பி அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். "எடுத்து வெச்சிட்டுத்தானே சாப்புடறது" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருவரும் ஷிப்ட் பார்த்தவர்கள். ஒருவர் உள்ளே வரும்போது இன்னொருவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். வீட்டில் இருப்பவர் இல்லாதவர் பங்கை மூடி வைத்துவிட்டுத்தான் கை நனைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அதுதான் வழக்கம். அண்ணி போன பிறகும் அண்ணனின் கை நிறுத்தவில்லை. ஒரு ஆளுக்குப் பொங்கி அதில் பாதியை மூடி வைக்கிறார். காலையில் அது ஊசிப்போய் மாட்டுக்குப் போகிறது. மனிதன் இளைக்காமல் என்ன செய்வான்?

கண்காட்சி நுழைவுக் கட்டணம் முப்பது ரூபாய். உள்ளே சாமந்திப் பூவால் கட்டிய யானை, மயில், சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரம். சுற்றிலும் குட்டி ரயில் ஓடுகிறது. ரோஜாப் பகுதி சுமார்தான், வெயிலில் வாடியிருந்தது. நான் சீக்கிரமே சாப்பாட்டு வரிசைக்கு அண்ணனைத் தள்ளிக்கொண்டு போனேன்.

வரிசையின் கடைசியில் ஒரு சைவக் கடை. அண்ணி வடலூர், சன்மார்க்கக் குடும்பம். உயிரைக் கொன்று தின்னக் கூடாது என்று இருப்பவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் மீனை விட்டார். காரியம் முடிந்த அன்றே ஒருத்தர், "இனிமே நீங்க கவிச்சி சாப்புடலாமே" என்றார். அந்த ஆளை எனக்கு இன்றைக்கும் அறையத் தோன்றுகிறது.

கடையை நடத்துபவர் வனஜா. சேத்தியாத்தோப்புக்காரர், கண்காட்சி நாட்களில் மட்டும் இங்கே வருவார். அவருடைய பலாப்பிஞ்சு பிரியாணிக்காக நான் எவ்வளவு தூரமும் வருவேன். பிஞ்சுப் பலா நார் நாராகப் பிரிந்து மசாலாவை இழுத்துக்கொண்டிருக்கும், கூடவே உடைத்த முந்திரி. தட்டு தொண்ணூறு ரூபாய். வாழைப்பூ வடை பதினைந்து. ஒரு முறை "அப்படியே கறி மாதிரி இருக்கு" என்று நான் சொல்லப் போக, "பலாவைப் பலான்னே துன்னா என்னா கொறைஞ்சிடும்?" என்று அண்ணி என் தலையில் குட்டினார்.

"வாங்க சார்" என்றார் வனஜா. "சிஸ்டர் நைட்டுங்களா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. இந்த ஊர்க் கடைகளில் அதுதான் பழக்கம். தம்பதியில் ஒருவர் வந்தால் மற்றவர் ஷிப்ட்டில் என்று அர்த்தம். சொல்லாமலே ஒரு பார்சல் கட்டிவிடுவார்கள். வாழையிலையில் பிரியாணி ஏறிவிட்டது.

"ஆமாம்மா, நைட்டு" என்றார் அண்ணன்.

பார்சலையும் தட்டுகளையும் வாங்கிக்கொண்டு புங்க மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் நாலு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த பொட்டலத்தையே பார்த்தார்.

"ஏண்ணா அப்படிச் சொன்ன?"

"நான் இன்னும் யார்கிட்டயும் என் வாயால சொன்னதில்ல. இங்க எல்லாருக்கும் தானாவே தெரிஞ்சிபோச்சி. இந்தம்மாதான் மொதல்ல கேட்டுது."

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்தார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் பொட்டலம். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனேன்.

"வனஜாம்மா, சிஸ்டர் நைட்டு இல்ல. கார்த்திகையில செத்துப்போயிட்டா."

வனஜா கரண்டியை வைத்தார். கடையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணன் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, முழுவதையும் அவர் தட்டில் கொட்டினார்.

"இத வூட்டுக்கு எடுத்துகினு போவாதீங்க சார். இங்கியே துன்னுங்க. நான் பாத்துகினு நிக்கிறேன்."

அண்ணன் நின்றபடியே சாப்பிட்டார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் சோறு. நானும் அழுதேன். வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கடைசிப் பருக்கை வரை அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வனஜா கடைக்குள் போனார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சில்லறை எடுத்துப்போங்கள், உள்ளே போன் சிக்னல் திணறுகிறது. பலாப்பிஞ்சு பிரியாணி ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். வடையை அங்கேயே சாப்பிடுங்கள், ஆறினால் நன்றாக இருக்காது. தனியாகப் போகிறவர்களிடம் வீட்டில் யார் ஷிப்ட்டில் என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். இருந்தாலும், பதிலை யோசித்துக்கொண்டு போவது நல்லது.

மறுநாள் ஊர் திரும்பியதும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"சாப்ட்டியாண்ணா?"

"சாப்ட்டேன்."

"முழுசா?"



"முக்காவாசி" என்றார்.