தயாபரன் குளித்துவிட்டு வருகிற கதை

என் மச்சான் தயாபரன் நல்ல மனுஷன்தான். ஆனால் அவனால் நான் பட்ட அவமானத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் உருத்திரபுரத்தில் ஓட்டோ ஓட்டுகிறவன். என் தங்கை நேசமலரை அவனுக்குக் கட்டிக்கொடுத்தபோது அவன் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தான். பொழுதுபட வந்து மெசினை நிறுத்திவிட்டு, உடம்பு முழுக்கச் சேற்றோடு நேரே வாய்க்காலுக்குள் பாய்வான். நேசமலர் துவாயும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். அவன் தண்ணீருக்குள் ஊறிக்கொண்டிருக்க, இவள் கரையில் இருந்து அன்றைய ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிப்பாள். வீட்டுக்குள் பேசாததை எல்லாம் அங்கேதான் பேசுவார்கள்.

போன வருஷம் முரசுமோட்டைக்கு அப்பால் பற்றரி பிளேற் செய்யும் தொழிற்சாலை ஒன்று திறந்தார்கள். சோறு தின்கிற பிளேற் அல்ல என்று ஊரில் ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தியே என் நாக்கு வறண்டுவிட்டது. ஈயத்தை உருக்கி, ஜன்னல் கம்பி மாதிரிக் கட்டம் கட்டமாக வார்ப்பார்கள். ஈயத்தூளை அமிலமும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து களியாக்கி, அந்தக் கட்டங்களுக்குள் அப்பிக் காயவைப்பார்கள். வாகனப் பற்றரிக்குள் வரிசையாக நிற்பது அதுதான். தயாபரனுக்குக் களி அப்பும் பிரிவில் வேலை கிடைத்தது. சேறு பழகின கை அல்லவா, உடனே பிடித்துக்கொண்டான்.

வேலையில் ஒரு குறையும் இல்லை. அவன் வீட்டுக்கு வருகிற விதத்தில்தான் வில்லங்கம். தலை முழுகி, வகிடெடுத்து, பவுடர் போட்டு, மடிப்புக் குலையாத சேர்ட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். புது மாப்பிள்ளை கெட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அழகம்மாதான் முதலில் கொளுத்திப் போட்டாள்.

"ஏன் புள்ள மலரு, வேலைக்குப் போற ஆம்பள வேர்த்து விறுவிறுத்துத்தானே வருவான்? ஒங்க வீட்டுக்காரரு என்ன, கலியாண வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி வர்றாரு?"

நேசமலர் அன்றைக்கே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"கொம்பனியிலதான் குளிக்கச் சொல்லுறாங்கள்" என்றான் தயாபரன். "குளிக்காமல் கேற்றால வெளியில விடமாட்டாங்கள்."

"சம்பளமும் தந்து குளிக்கவும் சொல்லுற முதலாளி எந்த ஊரில இருக்கிறான்? ஆருக்குப் பூச்சுத்துறியள்?"

உள்ளதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? எனக்கே நம்பிக்கை வரவில்லை. வீட்டில் வேப்பஞ் சவர்க்காரம், இவனில் ரோசாப்பூ மணம். நேசமலர் சோற்றைக் கோப்பையில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போகத் தொடங்கினாள். ஒருநாள் என்னிடம் வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணா, உவர் வேற இடத்தில குளிக்கிறது உண்மையெண்டால் நான் சாரங்காவைத் தூக்கிக்கொண்டு உங்கட வீட்ட வந்திடுவன். சொல்லிப்போட்டன்."

அவர்களின் பிள்ளை சாரங்காவுக்கு அப்போது இரண்டு வயது. என் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு அறை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளையை அழகம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து ஓட்டோவில் ஏறினாள்.

"எங்க போறது?" என்றேன்.

"அவர் குளிக்கிற இடத்துக்கு."

தொழிற்சாலைக் கேற்றில் காவலுக்கு நின்ற தங்கராசா மரியாதையாகத்தான் சொன்னார். "கொஞ்சம் இருங்கோ தங்கச்சி. இனித்தான் அவையள் குளிக்கப் போற நேரம்."

"அவையளோ? எத்தினை பேர்?"

அவர் பதில் சொல்லுமுன்னே கேற்றைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பின்னால் தங்கராசா, அவருக்குப் பின்னால் நான். கண்ணில் பட்ட கதவைத் திறந்தாள். அது களி அப்பும் அறை. உள்ளே நின்ற எல்லோருக்கும் ஒரே நீல உடுப்பு, ஒரே தொப்பி, மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி.

"இதில ஆர் என்ர மனுசன்?"

ஒருவரும் அசையவில்லை. ஒருவன் மட்டும் மெசினுக்குப் பின்னால் மெல்லப் பதுங்கினான்.

"அந்தா, ஒளிக்கிறதைப் பாருங்கோ!" என்று பாய்ந்தவள் வழுக்கினாள். விழாமல் எதையோ பிடிக்கப் போன கை, களித் தட்டத்துக்குள் மணிக்கட்டு வரை புதைந்தது. அவளைப் பிடிக்கப் போன நான் தூள் மூட்டை ஒன்றின் மேல் குப்புற விழுந்தேன். தலை முதல் கால் வரை எனக்கு அபிஷேகம்.

"ஒண்டையும் தொடாதேங்கோ! வாயைத் திறக்காதேங்கோ!" என்று கத்திக்கொண்டு அனோஜா என்ற பிள்ளை ஓடி வந்தது. பாதுகாப்புக்கு அந்தப் பிள்ளைதான் பொறுப்பாம். யாரோ சொல்லி நேசமலர் வாயை மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் உடனே குளிக்கவேணும்" என்றாள் அனோஜா.

"நான் காலமை குளிச்சனான்!"

"உடுப்பைக் கழட்டி இந்தப் பையில போடுங்கோ அண்ணா."

"சறத்தையுமோ?"

"சறத்தையும்."

தொழிலாளர்கள் சிரித்த சிரிப்பு முகமூடிக்குள்ளாலும் கேட்டது. வந்த கோபத்துக்கு மெசினையே தூக்கி எறிந்திருப்பேன், பாரம் என்றபடியால் விட்டேன்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் குளியலறை தனித்தனி, நடுவில் அரைச்சுவர்தான் முழுச்சுவராக நடிக்கிறது. அந்தப் பக்கம் அனோஜா சொல்வது தெளிவாகக் கேட்டது.

"தலைமயிரை வடிவாய்க் கழுவுங்கோ அக்கா. இந்த ஈயத்தூள் தலையிலயும் உடுப்பிலயும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும். பெரியாக்களைவிடச் சின்னப் பிள்ளையளுக்குத்தான் கூட ஆபத்து. மூளையைப் பாதிக்கும். அதாலதான் ஒருத்தரையும் குளிக்காமல் விடுறேல்ல."

அங்கே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு முன்னையைவிடப் பலமாகக் கேட்டது.

இந்தப் பக்கம் தயாபரன் ஒரு பழைய பல் தூரிகையால் நகத்துக்கு அடியில் தேய்த்துக்கொண்டிருந்தான். விரல் எல்லாம் சிவந்துவிட்டது.

"போதுமடாப்பா, தோல் உரியப்போகுது" என்றேன்.

"பொறு மச்சான். இந்த விரலைச் சூப்பினால்தான் சாரங்காவுக்கு நித்திரை வரும்."

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதை மறைக்க இன்னும் கொஞ்சம் ஷம்பூ கேட்டேன்.

அப்போது அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வந்தது. "அதுக்கு ஏன் மெசினுக்குப் பின்னால ஒளிச்சனீங்கள்?"

"நீர் வந்த வேகத்துக்கு வேற என்ன செய்யிறது?" என்றான் தயாபரன்.

எங்கள் உடுப்புகள் பையோடு போய்விட்டதால் கொம்பனியின் புது உடுப்புத்தான் கிடைத்தது. வாழ்நாளில் களிசான் போடாத நேசமலர் நீலக் களிசானோடு என் ஓட்டோவில் ஏறினாள். நான் நீலச் சேர்ட், நீலக் களிசான், ரோசாப்பூ மணம். தயாபரன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனான்.

ஒழுங்கை வாசலில் அழகம்மா பிள்ளையோடு நின்றாள். வாயில் ஈ போனதுகூடத் தெரியாமல் நின்றாள்.

"மூணு பேருமா குளிச்சிட்டு வர்றீங்க? அண்ணனுமா?"

"ஓம் அக்கா, நல்ல குளிப்பு. கொம்பனிக் குளிப்பு" என்றாள் நேசமலர்.

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கும் அங்கன ஒரு வேல கேட்டுச் சொல்லு புள்ள. தீவாளிக்குக் குளிச்ச மனுசன்."

அதற்குள் சாரங்கா தாயைக் கண்டு இரண்டு கையையும் நீட்டித் தாவியது. நேசமலர் பாம்பைக் கண்டவள் மாதிரி ஒரு எட்டுப் பின்னால் பாய்ந்தாள்.

"கொண்டு வராதேங்கோ அக்கா! பொறுங்கோ!"

ஓடிப்போய்த் தயாபரனுக்கு முன்னால் பத்து விரலையும் விரித்து நீட்டினாள். "நகத்துக்குள்ள இருக்கோ? வடிவாய்ப் பாருங்கோ."

அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒண்டுமில்லை. பிள்ளையை வாங்கும்."

"நல்லாய்ப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"இன்னொருக்காப் பாருங்கோ."

பிள்ளை வீரிட்டு அழுகிறது. அழகம்மா விழித்துக்கொண்டு நிற்கிறாள். நேசமலர் நீட்டிய கையை எடுக்கவில்லை. தயாபரன் மறுபடியும் சுண்டுவிரலில் இருந்து தொடங்கினான்.