கெட்டுப்போகாத இலை

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, மரக்காணம் உப்பளத்து வரப்பில் உமரி இலை பறித்துக்கொண்டிருந்தேன். ஃபீனால் சேர்மங்களோடு மெத்தில் தொகுதியை ஒட்டவைக்கும் ஒரு என்சைம் அந்த இலையில் இருக்கிறது. உப்பிலும் செடி சாகாமல் நிற்பதில் அதற்குப் பங்குண்டா என்பதுதான் என் ஆராய்ச்சி. பறித்த இலையை உடனே உறையவைக்காவிட்டால் என்சைம் வீணாகிவிடும். அதற்காகத் திரவ நைட்ரஜன் குடுவையைக் கொண்டுபோயிருந்தேன்.

பக்கத்துப் பாத்தியில் ஓர் அம்மா உப்பு வாரிக்கொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு, கணுக்காலெல்லாம் உப்புப் புண். பாத்தியின் எந்த மூலைக்குப் போனாலும் கடலுக்கு முதுகைக் காட்டியே நின்றார். குடுவையிலிருந்து புகை எழுந்ததும் அருகே வந்தார்.

"என்னா தம்பி அது?"

"இலை கெட்டுப்போகாம வெக்கிறதுக்கும்மா. மாசக்கணக்குல அப்படியே இருக்கும்."

புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பையனை அலை வந்த மறுநாளே குழியில போட்டுட்டாங்க. நாறிடும்னு அவசரப்பட்டாங்க. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்குள்ள மூடிட்டாங்க."

அப்போதுதான் பறித்த இலை என் கையிலேயே வெயிலில் இருந்தது. அவர்தான் அதைக் கவனித்தார்.

"சீக்கிரம் உள்ள போடு தம்பி. கெட்டுடப் போவுது."