கறுப்பு இறங்குமுன்

மெனிங்குக்குக் கோபம் வந்தால் தெருவே ஒதுங்கும். ஆனால் சாவு வீடு என்றால் முதல் ஆளாகப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதும் அவள்தான். வீகா மலையடிவாரத்தில் அபாக்கா வாழையிலிருந்து நார் உரிக்கிறவர்களை ஒன்று சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் உண்டாக்கினதே அவள். தலைவர் நாற்காலி ஆம்பளைகளுக்குள்ளே கைமாறியது. செயலாளர் என்கிற பொதி மட்டும் அவள் முதுகை விட்டு இறங்கவில்லை.

பொதி என்று சும்மா சொல்லவில்லை. வருஷா வருஷம் அரசாங்கத்திடம் நல்ல பிள்ளை என்று சான்றிதழ் வாங்கியாக வேண்டும். பொறுப்பாளர்கள் பயிற்சிக்குப் போனார்களா, தணிக்கை முடிந்ததா, பொதுக்குழுவுக்குப் போதுமான ஆட்கள் வந்தார்களா என்று துருவுவார்கள். சான்றிதழ் இல்லையென்றால் வரிச்சலுகை போச்சு. நார் வாங்குகிறவனும் வேறு ஊர் பார்த்துப் போய்விடுவான்.

எங்கள் ஊரில் ஆள் செத்தால் வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் கறுப்பு உடுத்துவார்கள். வருஷம் திரும்பி, ஜெபம் சொல்லி, ஊருக்குச் சோறு போட்டுக் கறுப்பை இறக்கும்வரை செத்தவர் பேரை எதிலிருந்தும் எடுக்க மாட்டோம். எடுத்தால் ரெண்டாந்தரம் கொன்ற மாதிரி. போன நவம்பர் புயலில் மண் சரிந்து சங்கத்து ஆம்பளைகள் பல பேர் போய்விட்டார்கள். சால்வேயின் புருஷன் தெலெஸ்போரோவும் அதில் ஒருவர். சால்வேக்கு ஒரு மகன், ஒரு மகள்; மகளுக்கு மெனிங்தான் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருத்தியை ஒருத்தி 'மாதி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மார்ச் மாதப் பொதுக்குழுவுக்கு முன்னால் சால்வே வந்து அழுதாள்.

"மாதி, உறுப்பினர் பட்டியல்ல அவர் பேரை அடிச்சிடாத. அவர் இடத்துல நான் உட்கார்ந்து கை தூக்கறேன்."

"சட்டம் ஒத்துக்காதுடி."

"சட்டமா வந்து என் வீட்ல மெழுகுவர்த்தி ஏத்துது?"

மெனிங் மனசு இளகிவிட்டது. ஒருத்திக்குச் செய்ததை மற்றவளுக்கு இல்லையென்று சொல்ல முடியுமா? விதவைகள் எல்லாரும் அவரவர் புருஷன் பேரில் உட்கார்ந்தார்கள். தலைவர் தோமாசோ, "புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுப் கூட்டத்து விருந்துப் பன்றிக்கறியில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தாள். சின்னப் பெண், ஆனால் கண் கழுகுக் கண். சங்கத்து ஆட்கள் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்தாள்.

"செத்தவங்க எப்படிங்க கை தூக்கினாங்க? அவங்களைக் கழிச்சா ஆள் பத்தாது. கூட்டமே செல்லாது. யார் செஞ்சது இதை?"

தோமாசோ கூரையைப் பார்த்தார். மெனிங் சால்வேயைப் பார்த்தாள். 'நான்தான் கேட்டேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சால்வே எழுந்தாள்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. செயலாளர் உட்காருன்னாங்க, உட்கார்ந்தோம்."

அடிப்பாவி! வாயைத் திறந்தால் ஞான மகளின் வீட்டு மானம் போகுமே என்று மெனிங் பழியைத் தானே ஏற்றுக்கொண்டாள். அதிகாரி நியாயமாகத்தான் பேசினாள்: விதவைகளை அவரவர் பேரிலேயே உறுப்பினராகச் சேருங்கள், கூட்டத்தை மறுபடி கூட்டுங்கள், தப்புக்கு என்ன நடவடிக்கை என்று தீர்மானம் போட்டு அனுப்புங்கள், சான்றிதழ் வரும்.

பயந்துபோய் உளறிவிட்டாள் என்று மெனிங் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சங்கம் பிழைக்க வேண்டுமே. சேற்றில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கறுப்பு இறங்காத வீட்டில் பேரை அடிக்க வேறு யாருக்கும் தைரியம் இல்லை. "பாவம் என் தலையோட போகட்டும்" என்று அவளே அடித்தாள். அழுத பெண்களை அணைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியையும் முறைப்படி உறுப்பினராக்கினாள்.

அக்டோபரில் மறுபடி கூடினார்கள். ஒரு நாற்காலி காலியில்லை. தோமாசோ தொண்டையைச் செருமினார்.

"சங்கத்தைக் காப்பாத்த ஒரு தலை உருண்டாகணும். மெனிங் அக்கா பொறுப்பிலிருந்தும் உறுப்பினர் பட்டியல்லேர்ந்தும் விலக்கப்படறாங்க. புதுச் செயலாளர் சால்வே மகன். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

மகனா! அன்று சால்வே பயந்து உளறவில்லை என்று அப்போதுதான் மெனிங்குக்கு விளங்கியது. கைகள் எழுந்தன. முதலில் எழுந்தது சால்வேயின் கை. பின்னாலேயே மற்ற விதவைகள், இப்போது சொந்தப் பேரில், சட்டப்படி. கை எண்ண வேண்டியது செயலாளர். எண்ணினாள். வரிசை மாறாமல், ஒரு கையும் விடாமல்.

"தீர்மானம் நிறைவேறிச்சுன்னு உறுதி பண்ணிக் கையெழுத்துப் போடுங்க அக்கா. நீங்க போடலைன்னா செல்லாது" என்றார் தோமாசோ. கண்ணைத் தூக்கவில்லை அந்த மனுஷன்.

தீர்மானத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போட்டால் சான்றிதழ் வராது, இத்தனை வீட்டு அடுப்பும் அணையும். மெனிங் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் சால்வே சோற்றுப் பொட்டலத்தோடு ஓடிவந்து வழி மறித்தாள்.

"மனசுல வெச்சுக்காத மாதி. சங்கத்துக்காகத்தான். அடுத்த மாசம் அவருக்குக் கறுப்பு இறக்கறோம். நீ வந்து பானை ஏத்தாம எப்படி?"

மெனிங் பொட்டலத்தைத் தொடவில்லை.

"வர்றேன். தெலெஸ்போரோவுக்காக வர்றேன். செத்த மனுஷன், அவர் எனக்கு ஒரு துரோகமும் பண்ணலையே. இனிமே என்னை மாதின்னு கூப்பிடாத."