தகப்பன் பெயர் போடும் இடம்

ஃபாரஸ்ட் கேட் கடைத்தெருவில் கலியாண அழைப்பிதழ் அடிக்கும் தவராசாவிடம் எல்லாவற்றுக்கும் ஓர் அச்சு உண்டு. பெயர்களை மாற்றினால் போதும், கலியாணம் தயார். தயாளினியின் மகள் தக்ஷிகாவின் அழைப்பிதழில்தான் அந்த அச்சு சண்டித்தனம் பண்ணியது. பெண்ணின் தகப்பன் பெயர் போடும் இடம் வெறுமையாகக் கிடந்தது.

“காலஞ்சென்ற எண்டு போடுவம், தங்கச்சி. பேரை மட்டும் சொல்லுங்கோ,” என்றார் தவராசா.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் வயிற்றுப் பிள்ளையோடு ஊரிலிருந்து இந்த வெள்ளைக்கார நாட்டுக்குத் தனியாக வந்து இறங்கிய தயாளினியை, ஊரில் நடந்த போரில் புருஷனைப் பறிகொடுத்தவள் என்று செவன் கிங்ஸ் பகுதித் தமிழ்ச் சனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஆளோ, பிள்ளை தன்னுடையதில்லை என்று கைகழுவிவிட்டுப் போனவன். கனடாவில் கல்லுப்போல இருக்கிறான். இது மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளையின் தாய்க்குத் தெரியாது.

“சனிக்கிழமை வந்து சொல்லுறன் அண்ணை,” என்று எழும்பி வந்துவிட்டாள்.

அவளுக்கு அருங்காட்சியகத்தில் வேலை. வேலை என்றால் காவலுக்கு நிற்பதுதான். மொகலாயர் கூடத்தில் பதினொரு வருடமாக நிற்கிறாள். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் நீளமான வம்சச் சுருள் ஒன்று. வட்டம் வட்டமாகப் பெயர்கள், கோடு கோடாக இறங்கி ஒரு பேரரசரில் முடியும். நான் இன்னார் மகன், இன்னார் பேரன், ஆகவே சிம்மாசனம் எனக்கு என்று உலகத்துக்குக் காட்டுகிற பத்திரம். எல்லாம் தகப்பன்மார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை, பார்வையாளர்களுக்கு விளக்க வந்த நிபுணர் உச்சியிலிருந்த வட்டத்தைக் காட்டினார். அது ஒரு பெண். ஆலன்குவா என்ற மங்கோலிய அரசி. புருஷன் செத்த பிறகு கர்ப்பமானாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? “கூடாரத்துக்குக் காவல் இருந்து பாருங்கள்,” என்றாளாம். இருந்தவர்கள் கண்டது, உள்ளே போய் வந்த ஒரு வெளிச்சத்தை. அதே வெளிச்சம்தான் பிள்ளையாகப் பிறந்து, தலைமுறை தலைமுறையாக, தைமூர் வழியாக, அக்பரிடம் வந்து சேர்ந்தது என்று அரசவையில் எழுதி வைத்தார்கள்.

தயாளினி நிற்கவேண்டிய மூலையை விட்டுப் பேழையருகே போய்விட்டாள். அவள் கதையில் வெளிச்சம் கிளிச்சம் ஒன்றும் இல்லை. ஆளும் தெரியும், ஆளின் விலாசமும் தெரியும். அவளை மலைக்க வைத்தது வேறு. செத்த புருஷனின் பெயரைப் போட்டு ஒப்பேற்ற எவ்வளவு நேரம் ஆகும்? பரம்பரையை வைத்தே உலகத்தை ஆண்டவர்கள் அதைச் செய்யவில்லை. அந்தப் பெண்ணை அப்படியே தங்கமிட்டு உச்சியில் வைத்திருக்கிறார்கள். கும்பிட வேண்டும் போலிருந்தது. சீருடையோடு கும்பிட்டாள்.

சனிக்கிழமை தவராசாவிடம் சொன்னாள்: “அவர் சாகேல்லை அண்ணை. என்னைக் கட்டவும் இல்லை. தயாளினியின் மகள் தக்ஷிகா எண்டு போடுங்கோ. அவ்வளவுதான்.”

தவராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாப்பிள்ளையின்ர தாய்?”

“காலமை போய்ச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்.”

“என்ன சொன்னவ?”

“எழும்பி உள்ளுக்குப் போனவ. பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தவ.”

அவர் கணினிப் பக்கம் திரும்பி, ‘காலஞ்சென்ற’வை அழித்தார். வெறும் இடத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது.

“இந்த இடம் பாழடைஞ்சு கிடக்குது, தங்கச்சி. ஒரு குத்துவிளக்குப் போட்டுவிடட்டே?”

தயாளினி குனிந்து திரையைப் பார்த்தாள்.

“போடுங்கோ அண்ணை,” என்றாள். “எரியிற விளக்காப் போடுங்கோ.”