லைல் திரும்ப வேண்டிய நேரம்

என் அக்கா வெர்னா முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அமெரிக்காவின் இல்லினாயில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இடி மின்னலுக்குப் பயந்தார்களோ இல்லையோ, அவளுக்குப் பயந்தார்கள். முனையில் ஒருவன் குனிந்து ஷூ லேஸ் கட்டினால்கூட நிற்க மாட்டாள். ஓய்வு பெற்ற பிறகு விரட்டுவதற்கு அவளுக்கு மிச்சம் இருந்தது கணவர் லைல் மட்டும்தான்.

அந்த வசந்தத்தில் லைலுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாக நடக்கச் சொன்ன டாக்டர், போக ஒரு மணி, வர ஒரு மணி, அதற்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னார். முதல் பாதி லைலுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது பாதி வெர்னாவின் காதில் சரியாக விழவில்லை. அவர் மூச்சு வாங்கிப் பாதித் தெருவில் திரும்பினால், "அதுக்குள்ளயா? தபால் பெட்டியையாவது தொட்டியா?" என்பாள். எனக்கே கேட்கக் கஷ்டமாக இருக்கும். அவர் சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் மாவட்டக் காட்டின் முகாமைக் குளிர்காலத்துக்கு மூடுவதற்கு முன், நவம்பர் முதல் வாரக் கடைசியில் நாங்கள் மூவரும் அங்கே கூடாரம் போடுவது வழக்கம். போய் இறங்கியதும் செல்போன்களைக் காரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அது வெர்னாவின் சட்டம்.

ஞாயிறு மதியம், மீந்த சில்லிக் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்ட கையோடு லைல் கைத்தடியை எடுத்தார்.

"ரெண்டு மணி ஆனதும் எங்க இருந்தாலும் திரும்பிடு. அதுக்கு முன்னாடி திரும்பாத," என்றாள் வெர்னா.

லைல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ரெண்டா? சரி," என்று நடந்தார்.

அவர் மூன்று மணிக்கு வந்திருக்க வேண்டும். மூன்றரைக்கு, "மனுஷன் எவன்கிட்டயோ கதையளந்துட்டு நிக்கறாரு," என்றாள். நாலு மணிக்கு அவள் பாதையின் முனை வரை போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஓக் இலைகள் கணுக்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தன. பாதை எது, மான் போன தடம் எது என்று பகலிலேயே தெரியாது. இருட்டினால் உறைபனி விழும். அவர் போட்டிருந்தது மெல்லிய ஜாக்கெட். அவள் சட்டத்தை மீறிக் காரைத் திறந்து, போனை எடுத்து வனக் காவலரைக் கூப்பிட்டேன். அவள் தடுக்கவில்லை.

ஓர்டேகா என்ற பெண் காவலர் டிரக்கில் வந்தார். "ஒரு மணி நேரம்தான் போயிருக்கார்னா ஆத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்கணும்," என்றார். இந்தப் பக்கம் முழுக்கக் கத்திக்கொண்டே தேடினோம். ஆளைக் காணோம். சூரியன் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

"வழியில விழுந்திருப்பாரோ?" என்று ஓர்டேகா மெதுவாகக் கேட்டார்.

"வழியில இருந்தா பாத்திருப்போமே," என்றாள் வெர்னா. "நேரம் தப்பறதுக்கும் வழியில்ல. காலையில நானே அவர் வாட்ச்ச ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சேன்."

ஆண்டுதோறும் குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள்; அந்த இரவு முந்தைய இரவுதான். நான் நின்றுவிட்டேன்.

"நீ தள்ளினியா? நேத்து படுக்கறப்பவே லைல் தள்ளிட்டாரே அக்கா. என் கண் முன்னாலதான் தள்ளினாரு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அவர் கிளம்பும்போது மணி ஒன்று; அவர் கை வாட்சில் பன்னிரண்டு. இரண்டு வரை நட என்று அவள் சொன்னது, அவருக்கு ரெண்டு மணி நேரம் போ என்று ஆகிவிட்டது. அந்த இதயத்தோடு மனிதர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறார்.

"அப்ப ஆத்தைத் தாண்டியிருக்கார். ஏறுங்க," என்றார் ஓர்டேகா. டிரக் பாலத்தைத் தாண்டிக் குலுங்கிக்கொண்டு போயிற்று. வெர்னா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் பெயரைக் கத்திக்கொண்டே வந்தாள். குரல் கம்மிய பிறகும் விடவில்லை.

சதுப்பு நிலத்தின் ஓரம், விழுந்த மரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கை நெஞ்சின் மேல். வெர்னா தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டு, பக்கத்திலேயே முட்டி போட்டாள். ஓர்டேகா ஆம்புலன்சைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முடியலைன்னு எப்ப தெரிஞ்சுது?" என்று வெர்னா கேட்டாள்.

"பாலத்துலயே."

"அங்கயே திரும்பியிருக்கலாம்ல, லைல்?"

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். "மணி ரெண்டாகலையே. அதுக்கு முன்னாடி வந்து நின்னா நீ என்ன சொல்லுவன்னு யோசிச்சேன். அதுக்கு நடந்தே போயிடலாம்னு தோணுச்சு."

வெர்னா அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். வாட்சை இரண்டாவது முறை தள்ளியது தான்தான் என்று அழுதுகொண்டே சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே முடியலைன்னா அங்கயே திரும்பிடு," என்றாள். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"சொல்லுவ," என்றார் லைல். "இருந்தாலும் திரும்பிடறேன்."